கல்லுக்கு மருந்திட்ட வேம்பியார்

காரைப்பாடியில் உள்ளவர்கள் காலையில் எழுந்ததும் சுனைநாதர் கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுவார்கள். வேம்பியார் என்னும் அம்மையார் மட்டும் கோபுரத்துக்குப் பின்னால் எழும் மடைப்பள்ளிப் புகையைப் பார்த்துக் கும்பிடுவார். பார்ப்பவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும். ஆனால் அந்தப் புகை அவர் தலையில் சுமந்து வந்த விறகு. சோற்றை வேகவைத்துவிட்டு மேலே போகிற புகை, போகிற வழியில் சுவாமியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தானே போகும் என்பது அவருடைய எண்ணம்.

விறகு பொறுக்குவதே அவர் தொழில். ஊருக்கு மேற்கே ஓடையைத் தாண்டினால் ஒதியங்காடு. விடிந்ததும் அங்கே போய், பட்டுப்போன கிளைகளாகப் பார்த்து வெட்டி, சுள்ளி சேர்த்துக் கட்டி வருவார். முதல் கட்டு கோயிலுக்கு. அதற்குக் கூலி வாங்கமாட்டார். அடுத்த கட்டு வீதியில் விற்பதற்கு. விற்றால் கஞ்சி, விற்காவிட்டால் ஓடைத் தண்ணீர். பச்சைக் கட்டையையோ பூச்சி அரித்ததையோ கோயில் கட்டில் வைத்துக் கட்டியதே இல்லை. வேப்பங்கட்டை எவ்வளவு நன்றாகக் காய்ந்து கிடந்தாலும் அதையும் சேர்க்கமாட்டார். அந்தப் புகை கசக்கும், சுவாமி உண்ணும் சோறு கசந்துவிடக் கூடாது என்று அதைத் தனியே எடுத்துக் காட்டிலேயே ஒரு பாறை இடுக்கில் மழை படாமல் அடுக்கிவிடுவார். வேம்பி என்று பெயர் வைத்துக்கொண்டு வேப்பமரத்தையே ஒதுக்கிவைத்த அம்மையார் அவர்.

சுமை கொண்டு வருகிறவர்கள் மடைப்பள்ளியின் பின்வாசலோடு நின்றுகொள்ள வேண்டும் என்பது அந்தக் கோயிலின் வழக்கம். அவர் நின்றுகொண்டார். இத்தனை காலம் விறகு சுமந்தவர் சுனைநாதர் எப்படி இருப்பார் என்று கண்ணால் கண்டதில்லை. அதற்காக அவர் வருந்தியதாகவும் தெரியவில்லை. சோறு வெந்ததா என்று கேட்பார், வெந்தது என்றால் கும்பிட்டுவிட்டுப் போவார்.

அவருக்கு வருத்தம் வேறு ஒன்றில் இருந்தது. கணவர் கூத்தனும் விறகு வெட்டியவர்தாம். ஒரு மழைக்காலத்தில் கோடரி வழுக்கிக் காலில் விழுந்தது. காயம் சின்னதுதான். கட்டுப்போட்டுக்கொண்டு மறுநாளே காட்டுக்குப் போனார். ஈரம் பட்டுப் பட்டுப் புண் வாய் திறந்தது, ஈ மொய்த்தது, புழு வைத்தது. வேம்பியார் மருந்தோடு உட்கார்ந்தபோது காலம் கடந்துவிட்டது. ஆரம்பத்திலேயே மஞ்சள் வைத்து அடைத்திருந்தால் பிழைத்திருப்பாரே என்ற எண்ணம் அவரை விட்டுப் போகவே இல்லை. தலையில் சுமை இருக்கும்போதும் அந்த எண்ணம் இருந்தது, இறக்கிய பிறகும் இருந்தது.

ஒரு ஆண்டு பெரிய காற்று அடித்தது. ஒதியங்காட்டின் நடுவில் கொடி மண்டிக் கிடந்த ஒரு பக்கத்தில் பழைய மரம் ஒன்று சாய்ந்து, கொடிகளையெல்லாம் வாரி இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது. மரம் காயட்டும் என்று சில நாள் விட்டு, கொடுவாளோடு போன வேம்பியார் அங்கே நின்றுவிட்டார். அதுவரை காடு மூடி வைத்திருந்த இடம் திறந்து கிடந்தது.

நீளமான கரும்பாறை ஒன்று, ஒருவர் ஒருக்களித்துப் படுத்த மாதிரி கிடந்தது. தோளும் இடுப்பும் இருந்தன, முகம் மண்ணுக்குள் புதைந்திருந்தது. பக்கத்தில் பாதி உருண்டை, பாதி சதுரமாக ஒரு கல் தூணை வேர்கள் பின்னிப் பிடித்திருந்தன. படுத்திருப்பவருடைய ஊன்றுகோல் என்று வேம்பியார் நினைத்தார். சற்றுத் தள்ளி ஒரு சுனை. காட்டுச் சுனை எங்காவது நாலு மூலையோடு இருக்குமா? அது இருந்தது. அவர் தண்ணீர் குடிக்கிற இடம். சருகைக் காலால் தள்ளினால் கரியும் கருகிய மண்ணும் வந்தன. யாரோ அவருக்குச் சமைத்துப் போட்டிருக்கிறார்கள், பிறகு விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துவந்த அம்மையாருக்கு, இங்கே படுத்திருப்பவர் சுனைநாதர்தாம் என்பதில் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

பிறகுதான் அவர் அந்தக் குழிகளைக் கண்டார். தோள் தொடங்கி இடுப்பு வரைக்கும் ஒரே வரிசையாக, விரல் நுழையும் அளவில் குழிகள். ஒவ்வொன்றிலும் மழைத் தண்ணீர் தேங்கிச் செம்மண் நிறத்தில் கீழே வழிந்திருந்தது. குனிந்து பார்த்தார். தண்ணீருக்குள் சின்னச் சின்னப் புழுக்கள் நெளிந்தன.

வேம்பியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூத்தனின் காலில் கண்டது மறுபடி கண்முன் வந்தது. இந்த உலகத்தையே பார்த்துக்கொள்கிறவர் என்று சொல்கிறார்களே, அவர் புண்பட்டு, புழு வைத்து, ஒரு வார்த்தை முனகாமல் காட்டுக்குள் கிடக்கிறார் என்றால் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! யார் குத்தினார்கள், ஏன் குத்தினார்கள், கோயிலில் இருக்கிறவர் இங்கே எப்படி வந்தார், எதுவும் அவருக்கு விளங்கவில்லை. விளங்கிய பிறகுதான் மருந்து போடுவது என்று அவர் காத்திருக்கவும் இல்லை. முந்தானையைக் கிழித்துக் குழிகளைத் துடைக்கத் தொடங்கினார்.

அன்று முதல் அவருக்கு வேலை கூடிவிட்டது. விறகுக்கு முன் புண்ணைத் துடைப்பார். வேப்பிலையை அரைத்து வைப்பார். அதனுடன் சேர்த்து அரைக்க மஞ்சள் வேண்டும். தம்மிடம் இருந்த கொஞ்சமும் தீர்ந்ததும், மடைப்பள்ளிப் பின்வாசலில் அம்பலவரிடம் கை நீட்டினார். அம்பலவர் மடைப்பள்ளிக்குப் பொறுப்பானவர், கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது, ஆனால் வாய் மட்டும் அடுப்பைவிடச் சூடு.

"ஐயா, ஒரு துண்டு மஞ்சள் இருந்தாக் குடுங்க. ஒருத்தருக்குப் புண்ணு."

"யாருக்கு?"

"பேரெல்லாம் நான் எப்படிச் சொல்றது? காட்டுக்குள்ள படுத்த படுக்கையா இருக்காரு."

"ஆம்பளையா?"

"ஆமாங்க. பெரிய உடம்பு."

அம்பலவர் மஞ்சளைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, கேட்டதை ஊருக்கும் கொடுத்தார். மாலைக்குள் காரைப்பாடி முழுவதும் தெரிந்துவிட்டது, விறகுக்காரி வேம்பி காட்டுக்குள் ஒரு ஆளை வைத்திருக்கிறாள் என்று. கிணற்றடியில் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். வீதியில் அவர் விறகை வாங்குவார் இல்லை. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. விறகு ஈரமாக இருக்கிறதோ என்று கட்டையை மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தார். ஓடைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார். கோயில் கட்டு மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

இதே சமயத்தில் கோயிலுக்குள் வேறு ஒரு குழப்பம் நடந்துகொண்டிருந்தது. சுனைநாதரின் லிங்கத் திருமேனிக்குப் பின்புறம் வரிசையாகச் சில வடுக்கள் உண்டு. பரம்பரையாகப் பூசை செய்யும் குடும்பத்தாருக்கு மட்டுமே தெரியும். வஸ்திரம் சாத்தி மறைத்துவிடுவார்கள், ஏன் எப்படி என்று யாரும் கேட்டதில்லை. இப்போது காலையில் நடை திறந்து வஸ்திரத்தைக் களைந்தால் அந்த வடுக்களில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசியிருந்தது. ஈசான குருக்கள் கழுவிவிட்டார். மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது.

"ஓய் அம்பலவரே! மஞ்சள் உம்ம மடைப்பள்ளியிலதான் இருக்கு. ஸ்வாமி முதுகுல யாரு ஓய் தடவறா?"

"என்ன சாமி இப்படிக் கேட்டுப்புட்டீங்க! கருவறைப் பக்கம் எங்க ஆளுங்க என்னைக்கு வந்தாங்க? சாவி உங்க இடுப்புலதானே தொங்குது?"

குருக்கள் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாவி இருந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது. மடைப்பள்ளி மஞ்சளை யார் யாருக்குக் கொடுக்கிறீர் என்று அவர் கேட்க, அம்பலவருக்குச் சட்டென்று வேம்பியார் நினைவு வந்தது. இவளால்தானே எனக்குப் பேச்சு என்று அவர் மனம் கொதித்தது. மறுநாளே ஊர் ஆட்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு, வேம்பியாருக்குத் தெரியாமல் பின்தொடர்ந்தார்.

புதர் மறைவில் நின்று பார்த்தார்கள். வேம்பியார் பாறையின் மீது குனிந்து மருந்து வைத்துக்கொண்டிருந்தார். "ராத்திரி எரிச்சல் இருந்துச்சா? கொஞ்சம் பொறுத்துக்குங்க, மஞ்சளு அப்படித்தான் எரியும்" என்று அவர் சொன்னது காதில் விழுந்ததும் அவர்களால் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆளைத் தேடி வந்தவர்களுக்குப் பாறை கிடைத்தது.

"பாறைக்கு எங்கயாச்சும் புண்ணு வருமா வேம்பி?" என்றார் அம்பலவர்.

"வந்திருக்கே, நீங்களே பாருங்களேன்."

அவர்களும் பார்த்தார்கள். அந்த ஊர் மண்சுவரும் கூரையுமான ஊர், கல் வெட்டுவதைக் கண்ணால் கண்டவர் அங்கே யாரும் இல்லை. பழைய காலத்து ஆட்கள் பல்லாங்குழி ஆடிய இடமாக இருக்கும் என்றார் ஒருவர். இடி விழுந்திருக்கும் என்றார் இன்னொருவர். இதற்கும் சுவாமி முதுகுக்கும் என்ன சம்பந்தம் என்று அம்பலவர் குருக்களிடம் எதையும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அம்மையாருக்குக் கல்லு வைத்தியச்சி என்று பெயர் வந்தது. ஒரு வகையில் அது நல்லதாகப் போயிற்று, பழி போய்க் கேலி வந்தது. கேலி செய்கிறவர்கள் விறகு வாங்கினார்கள்.

கேலி அவரைத் தொடவில்லை. அவரைத் தொட்டது மழைதான். எவ்வளவு துடைத்தாலும் ஒரு மழை பெய்தால் குழிகள் நிரம்பிவிடும், புழு வந்துவிடும். மருந்து கரைந்து போகும். இப்படியே விட்டால் கூத்தனுக்கு ஆனதுதான் இவருக்கும் ஆகும் என்று அவர் நடுங்கினார். புண்ணை அடைத்தே ஆக வேண்டும், தண்ணீர் ஒரு சொட்டு இறங்காமல் அடைக்க வேண்டும். எதைக் கொண்டு அடைப்பது? அப்போதுதான் பாறை இடுக்கில் ஆண்டுக்கணக்காகக் காய்ந்து கிடக்கும் வேப்பங்கட்டைகள் நினைவுக்கு வந்தன. மருந்தும் அதுவே, அடைப்பும் அதுவே என்று அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இதற்காகத்தானே இத்தனை நாள் சேர்த்து வைக்கச் சொன்னீர்கள் என்று பாறையைப் பார்த்துச் சிரித்தார்.

மழைக்காலம் முழுவதும் குழிக்குத் தகுந்தபடி கட்டையைச் செதுக்கினார். பனி முடிந்து குழிகள் நன்றாக உலர்ந்த பிறகு ஒவ்வொன்றாக இறக்கினார். தளர்வாக இருந்தால் தண்ணீர் போகும் என்று, ஒரு கல்லுக்குத் துணி சுற்றி, நோகாமல் நோகாமல் தட்டி, இனி ஒரு மயிரிழைகூட இறங்காது என்னும் வரை இறுக்கினார். ஒவ்வொரு தட்டுக்கும் அவர்தாம் முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

அந்த நாளில்தான் கோயிலுக்குக் கல்தச்சர் வீரணாசாரி வந்திருந்தார். கருவறை வாசலின் மேலே கிடந்த கல் உத்திரம் விரிசல் விட்டு, ஒரு மரத்தை முட்டுக் கொடுத்து நிறுத்தி வைத்திருந்தார்கள். குருக்கள் உள்ளே போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவார். மாற்றுக் கல் போடுவதற்காக வந்த ஆசாரி, வெளியூர்க் கல்லை வரவழைத்துப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். இந்தக் கோயில் முழுவதும் ஒரே பாறையின் கல், அதோடு இது சேராது, இதை எடுத்த இடம் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்றார். ஊரில் யாருக்கும் தெரியவில்லை. காட்டில் திரிகிறவள் என்று வேம்பியாரையும் கேட்டார்.

"தாயி, அந்தக் காட்டுல கல்லு வெட்டின இடம் எதுவும் கண்ணுல பட்டிருக்கா?"

"கல்லை வெட்டுவாங்களா? அப்படி எதையும் நான் பாக்கலீங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் பட்டது வேறு.

கோடை வந்தது. அந்த ஆண்டு வெயில் கொடுமையாக இருந்தது. பாறையைத் தொட்டால் கை சுட்டது. அடைத்த புண் உள்ளே கொதிக்குமே என்று அம்மையாருக்குப் பயம் வந்தது. சுனையில் பானை பானையாக மொண்டு வந்து பாறை மீது ஊற்றினார். காய்ந்த கட்டைகள் தண்ணீரை உறிஞ்சின. தாகம் போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினார். காலையில் ஊற்றினார், விறகைக் கோயிலில் இறக்கிவிட்டு ஓடி வந்து மறுபடி ஊற்றினார். தாம் குடிக்க மறந்து ஊற்றினார்.

ஒரு நாள் உச்சி வெயிலில், பானையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது, பாறைக்குள் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. குழிகளின் வரிசையில் ஒரு கோடு ஓடியது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு அகன்றது. தோள் முதல் இடுப்பு வரை பாறை இரண்டாகப் பிளந்து, வெளிப்பக்கம் தனியே சாய்ந்து நின்றது. உள்ளே கல் புதிதாக, ஈரமாகப் பளபளத்தது.

பானை கையிலிருந்து விழுந்து உடைந்தது. காடு, ஓடை, வீதி எதையும் பார்க்காமல் ஓடிக் கோயில் பின்வாசலில் வந்து விழுந்தார்.

"சாமியைக் கொன்னுட்டேன்! என்னைக் கட்டி வைங்க, சாமியை ரெண்டாப் பொளந்து கொன்னுட்டேன்!"

அம்பலவருக்குக் கேலி செய்ய வாய் வரவில்லை. உத்திரத்தடியில் இருந்த வீரணாசாரி சத்தம் கேட்டு வந்தார். என்ன நடந்தது என்று மெல்லக் கேட்டார். வரிசையாகக் குழி, அதில் காய்ந்த கட்டை, அதன் மேல் தண்ணீர் என்று அவர் அழுகைக்கு நடுவில் சொல்லச் சொல்ல ஆசாரியின் கண்கள் விரிந்தன. எழுந்து, இடத்தைக் காட்டு தாயி என்றார்.

ஆசாரி அங்கே போனதும் குனிந்தார். சருகைக் கிளறினார், கல் சில்லுகள் குவியல் குவியலாக வந்தன. வேர் பின்னிய தூணைத் தடவினார். சுனையின் நாலு மூலையைப் பார்த்தார். கரி மண்ணைக் கையில் அள்ளினார்.

"இதுதான் தாயி நான் தேடின இடம். இந்தக் கோயிலே இங்கேருந்துதான் எந்திரிச்சு வந்திருக்கு. இது தூணுக்கு எடுத்து விட்டுட்டுப் போன கல்லு. இது உளி காய்ச்சின உலை. சுனை இல்ல, கல்லு எடுத்த பள்ளம். இதுக்குப் பேரு ஆப்புக்குழி. குழி வெட்டி, காஞ்ச கட்டைய அடிச்சு, தண்ணி ஊத்துவாங்க. கட்டை ஊறிப் பெருத்து, பாறையப் பொளந்துடும். அந்தக் காலத்து ஆளுங்க குழிய வெட்டிட்டு, ஏனோ போயிட்டாங்க. மிச்ச வேலைய நீ முடிச்சிருக்க. உத்திரத்துக்கு இதைவிடக் கல்லு கிடைக்காது. எதுக்கு அழுவுற?"

வேம்பியார் அழுகையை நிறுத்தினார். ஆனால் முகம் தெளியவில்லை.

"அப்ப இது புண்ணு இல்லியா?"

"இல்ல தாயி."

"சாமி இல்லியா?"

"கல்லு."

"கோயில்ல இருக்கிற சாமியும் கல்லுதானுங்களே? இங்கேருந்து போனதுன்னு நீங்கதானே சொல்றீங்க?"

ஆசாரி கையிலிருந்த கரி மண்ணைக் கீழே போட்டார். அவர் தலைமுறை தலைமுறையாகக் கல்லில் சுவாமி செய்கிறவர். எந்த இடத்தில் கல் முடிகிறது, எந்த இடத்தில் சுவாமி தொடங்குகிறது என்று அவரை யாரும் இப்படி நேருக்கு நேர் கேட்டதில்லை.

வேம்பியாரின் துன்பத்தை நாம் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். இது சுவாமி என்றால் அவரைப் பிளந்தவர் தாமே. இது வெறும் கல் என்றால், துடைத்ததும் அரைத்ததும் பேசியதும் யாரிடம்? எப்படிப் பார்த்தாலும் அவர் கை வெறுமையாகத்தான் நின்றது. கூத்தனுக்கு உரிய நேரத்தில் மருந்து வைக்காமல் இருந்தார், அவர் போய்விட்டார். இவருக்கு மருந்து வைத்தார், பிளந்துவிட்டார். வைப்பது தவறா, வைக்காதது தவறா? இந்தக் கதையைச் சொல்கிற நமக்கே தலை சுற்றுகிறது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

அவர் கொடுவாளைப் பாறை மேல் வைத்தார். பிளந்து கிடந்த கல்லின் அருகில், கூத்தன் இறந்தபோது உட்கார்ந்தது போலவே கால் நீட்டி உட்கார்ந்தார். ஆசாரி கூப்பிட்டார், வரவில்லை. சாப்பிடமாட்டேன், தண்ணீரும் வேண்டாம், இவர் போன இடத்துக்கே நானும் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் காலையில் மடைப்பள்ளிக்கு விறகு வரவில்லை. அம்பலவர் பின்வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தார். யாரையும் ஏசவில்லை.

வீரணாசாரி குருக்களிடம் வந்து நடந்ததைச் சொன்னார். கல் கிடைத்துவிட்டது என்று குருக்களுக்கு மகிழ்ச்சி. அந்த அம்மாள் குழிகளுக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி வந்தாராம் என்று ஆசாரி சொன்னதும் அவர் முகம் மாறியது.

"என்ன சொன்னீர்? மஞ்சளா? வேப்பிலையா?"

"ஆமா சாமி. வரிசையா குழி, ஒவ்வொண்ணுக்கும் மருந்து."

சுவாமியின் முதுகில் இருக்கும் வடுக்களைப் பற்றி, அந்தக் குடும்பத்தில் யாரும் வெளியில் சொல்லாததை, குருக்கள் முதன்முதலாகச் சொன்னார். ஆசாரி கேட்டுவிட்டு, அதுவும் பழைய ஆப்புக்குழிகளின் பாதிதான், பாறை பிளக்கும்போது குழியின் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் நிற்கும், சுவாமியும் அங்கிருந்து வந்தவர்தானே என்றார்.

"அப்போ அவ அங்க பூசினது இங்க எப்படி ஓய் வந்தது?" என்று கேட்டுக்கொண்டே குருக்கள் கருவறைக்குள் ஓடினார். அன்று தலையைக் குனிய மறந்துவிட்டார். ஆசாரி வாசலில் நின்றார். உச்சிக்கால பூசைக்குச் சாத்தியிருந்த வஸ்திரத்தைக் குருக்கள் விலக்கினார்.

காட்டில் குழிகளை அடைத்தபின் நின்றுபோயிருந்த மஞ்சள் மறுபடி இருந்தது, ஈரமாக இருந்தது. துடைத்தார். மஞ்சளுக்கு அடியில் வடு இல்லை.

விளக்கைத் தூண்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கையால் தடவினார். அவர் பாட்டனார் தடவிய வடு, தந்தை தடவிய வடு, அவரே நாள்தோறும் தடவிய வடு, எதுவும் இல்லை. கல் குழந்தையின் முதுகு போல வழவழப்பாக இருந்தது. ஆசாரி வாசலிலிருந்தபடியே எட்டிப் பார்த்தார். "கல்லுலேருந்து எடுக்கத்தான் சாமி எங்களுக்குத் தெரியும். எடுத்ததைத் திரும்ப வளத்து மூடற வித்தை எங்க பரம்பரையிலேயே கெடையாது" என்று சொல்லி, அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டார்.

அதன் பிறகு குருக்கள் செய்ததை ஊர் வெகு காலம் பேசியது. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெயிலில், செருப்பில்லாமல், ஓடையைக் கடந்து ஒதியங்காட்டுக்குள் ஓடினார். பின்னால் அம்பலவர் ஒரு செம்பில் தண்ணீரோடு ஓடினார். வேம்பியார் கண் திறக்காமல் சாய்ந்து கிடந்தார்.

"வேம்பி! எழுந்து வா, ஸ்வாமி கூப்பிடறார்."

"எழவு வீட்டுலேருந்து எப்படி சாமி எந்திரிச்சு வர்றது?"

"எழவு இல்லேடி அம்மா. வந்து பாரு."

அம்பலவர் செம்பை நீட்டினார். வேம்பியார் வாங்கவில்லை. "தாயி, நான் பேசுனதெல்லாம் தப்பு. எனக்காக ஒரு வாய் குடி" என்று அம்பலவர் அழுதபோதுதான், அழுகிறவரைப் பார்த்துப் பொறுக்காமல் ஒரு வாய் குடித்தார். இருவரும் கைத்தாங்கலாக அவரை அழைத்து வந்தார்கள். பழக்கத்தில் வேம்பியாரின் கால்கள் பின்வாசலுக்குத் திரும்பின. குருக்கள் திருப்பி, கோபுர வாசல் வழியே கூட்டிச் சென்றார். என்ன நடக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. தலையில் சுமை இல்லாமல் கோயிலுக்கு வந்ததே அவருக்கு என்னவோ போல இருந்தது.

முட்டுக் கொடுத்த உத்திரத்தின் அடியில் நின்று, வேம்பியார் சுனைநாதரை முதன்முதலாகக் கண்டார். விளக்கொளியில் சின்னக் கரிய திருமேனி. காட்டில் கிடந்த அந்தப் பெரிய உடம்பை எண்ணி வந்தவருக்கு, இவ்வளவு சின்னவரா என்று இருந்தது. குருக்கள் பின்னால் கண்ணாடியைப் பிடித்து, விளக்கை நகர்த்தி, சுவாமியின் முதுகு தெரியும்படி காட்டினார். இங்கேதான் வடு இருந்தது, இப்போது இல்லை பார் என்றார்.

கும்பிட வேண்டும் என்பதுகூட அம்மையாருக்குத் தோன்றவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"ஆறிருச்சா?"

சுவாமி பதில் சொன்னாரா? சொன்னது தம் காதிலேயே விழுந்தது என்று ஈசான குருக்கள் கடைசி வரை சொல்லிவந்தார். தமக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றார் வீரணாசாரி. அம்பலவருக்கு அழுகையில் காது அடைத்திருந்தது. வேம்பியார் மட்டும், நோயாளி சொல்வதைக் கேட்டுக்கொள்கிறவர்கள் தலையாட்டுவார்களே, அப்படி இரண்டு முறை தலையை ஆட்டினார். முகத்தில் இருந்த கலக்கம் போய்விட்டது.

"சரி. நல்லாருங்க. நாளைக்கு விறகோட வர்றேன்" என்றார்.

சொன்னபடியே வந்தார். மறுநாள் பழையபடி பின்வாசலில் நின்று, கட்டை இறக்கி, சோறு வெந்ததா என்று கேட்டார். முன்வாசல் வழியாக வரச் சொல்லிக் குருக்கள் எவ்வளவோ அழைத்தும், அடுப்புக்கு இதுதான் கிட்ட என்று சொல்லிவிட்டார். பிளந்த கல் கருவறையின் மேல் உத்திரமாக ஏறியது. அதன் ஓரத்தில் வரிசையாக நின்ற பாதிக் குழிகளைச் செதுக்கி எடுக்க வீரணாசாரிக்குக் கை வரவில்லை, அப்படியே விட்டுவிட்டார்.

காட்டில் கிடந்தது கல்லா, சுவாமியா? பிளந்ததால் புண் ஆறியதா, ஆறியதால் பிளந்ததா? கேட்கிறவர்களுக்குச் சொல்ல நம்மிடம் விடை இல்லை, அன்று அங்கே இருந்தவர்களிடமும் இருக்கவில்லை. புண் என்று கண்ட இடத்தில் யாருடையது என்று கேளாமல் மருந்தோடு போய் நின்ற வேம்பியாரின், விறகுச் சும்மாடு அழுத்திக் காய்த்த அந்தத் தலையை நாம் வணங்குகிறோம்.